பழைய வண்டியைக் கஃபே ரேசராக்குதல்: வரலாறும் வேலைமுறையும்

கஃபே ரேசர் என்பது பந்தய வண்டியில் உட்காரும் முறையைச் சாலை வண்டிக்குக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள். தாழ்ந்த கைப்பிடி, பின்னுக்குத் தள்ளிய கால்மிதி, திமில் வைத்த ஒற்றை இருக்கை, முழங்கால்கள் பதியும் நீண்ட பெட்ரோல் டேங்க் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் முதல் மூன்றும் ஓட்டுபவரின் கையும் பாதமும் இடுப்பும் வண்டியைத் தொடும் இடங்கள். அந்த இடங்கள் மாறியதால்தான் வண்டியின் தோற்றம் மாறியது. தோற்றத்துக்காக அவை மாற்றப்படவில்லை. வீட்டில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. முதலில் பெயின்ட், அடுத்து இருக்கை, பணம் மிஞ்சினால் கடைசியில் பிரேக் என்று வேலை நடக்கும்போது, படத்தில் அழகாகவும் சாலையில் ஆபத்தாகவும் இருக்கும் வண்டிகள் பிறக்கின்றன.

இந்த வடிவம் 1950களின் பிரிட்டனில் உருவானது. போருக்குப் பிந்தைய ரேஷன் காலம் முடிந்து, தொழிற்சாலை வேலைக்குப் போன இளைஞர்கள் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். லாரி ஓட்டுநர்களுக்காக இரவு முழுக்கத் திறந்திருந்த சாலையோர உணவகங்கள் அவர்கள் கூடும் இடங்களாயின. வடமேற்கு லண்டனின் நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் தொடங்கி, போரில் குண்டுவீச்சுக்கு இரையாகி, 1949இல் மீண்டும் எழுப்பப்பட்ட ஏஸ் கஃபே அவற்றில் பேர்பெற்றது. மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பது அங்கே கூடியவர்களின் கனவு. 1959இல் திறக்கப்பட்ட எம்1 மோட்டார்வேயில் 1965 இறுதி வரை வேக வரம்பே இருக்கவில்லை. ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் குறித்த தூரம் போய்த் திரும்பும் பந்தயங்களைப் பற்றிய கதைகளும் அந்தக் காலத்தவைதான். அவற்றில் மிகை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அன்றைய கஃபே ரேசர்களில் தலையாயது டிரைட்டன். நார்ட்டனின் சேஸிஸில் டிரையம்பின் எஞ்சினைப் பொருத்திய கலப்பு வண்டி அது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்காண்ட்லஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் சேஸிஸ் 1950இல் நார்ட்டன் பந்தய அணிக்கு வந்தது. அதே ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் ஜெஃப் டியூக் அதில் வென்றார். வளைவில் அந்த சேஸிஸ் காட்டிய உறுதிக்கு அன்று இணையில்லை. நேர்ச்சாலை வேகத்திலோ டிரையம்பின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்தான் சாதாரண இளைஞனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டையும் சேர்க்க ஒரு தற்செயலும் உதவியது. 500 சிசி ஃபார்முலா 3 கார் கட்டியவர்களுக்கு நார்ட்டனின் பந்தய எஞ்சின் தேவைப்பட்டது. நிறுவனம் எஞ்சினைத் தனியாக விற்க மறுத்தது. அவர்கள் முழு வண்டியை வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டார்கள். வெற்று சேஸிஸ்கள் சந்தைக்கு வந்தன. கஃபே ரேசரை வடிவமைப்பாளரின் மேசையில் பிறந்த கலைப்பொருளாகப் பேசுபவர்கள் மறக்கும் செய்தி இது. கையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு, குறைந்த செலவில், அதிக வேகத்தைத் தேடிய கொட்டகை வேலை அது.

1961 முதல் பிரிட்டனில் பழகுநர் உரிமம் பெற்றவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதி வந்தது. ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் 1964இல் அறிமுகப்படுத்திய கான்டினென்டல் ஜிடி 250 அவர்களைக் குறிவைத்தே வந்தது. கிளிப்-ஆன் கைப்பிடி, பின்தள்ளிய கால்மிதி, திமில் இருக்கை எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஆனால் வீட்டுக் கொட்டகையின் வேலையை அடியோடு தேவையற்றதாக்கியது ஜப்பான்தான். 1969இல் வந்த ஹோண்டா சிபி750, முன் டிஸ்க் பிரேக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டும் கொண்டு, கடையிலிருந்து எடுத்த நிலையிலேயே டிரைட்டன்களுக்குச் சவால் விட்டது. அதே ஆண்டு ஏஸ் கஃபேயும் மூடப்பட்டது. அது 2001இல் மறுபடி திறந்தபோது கஃபே ரேசர் வேகத்தின் பெயராக இல்லை, ஒரு பாணியின் பெயராகியிருந்தது. ராயல் என்ஃபீல்ட் 2013இல் 535 சிசியிலும் 2018இல் 650 சிசியிலும் கான்டினென்டல் ஜிடி என்ற பெயரை மீட்டெடுத்ததும் அந்தப் பாணிக்காகத்தான்.

பிரிட்டிஷ் ராயல் என்ஃபீல்ட் 1970இல் முடிவுக்கு வந்தாலும், 1955இல் மெட்ராஸில் அதன் கூட்டாக உருவான என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட் 350 பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் வெளிவந்தது. எனவே கஃபே ரேசர் காலத்து இயந்திரக் கட்டமைப்பு கொண்ட வண்டி எளிதாகவும், உதிரிபாகங்களோடும் கிடைக்கும் நாடு இந்தியா. யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத் 350 ஆகியவையும் மாற்றத்துக்கு ஆளாகின்றன. ஆயினும் யெஸ்டிக்கும் ராஜ்தூதுக்கும் அசல் உதிரி தேடுவதே தனி வேலை. கெடாமல் இருக்கும் ராஜ்தூத் 350 ஒன்றை வெட்டுவது ஏறக்குறைய பாவம். அதனால் இங்கே வேலைமுறைக்குப் புல்லட்டே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அதன் எஞ்சின் 346 சிசி, துளை 70 மில்லிமீட்டர், வீச்சு 90 மில்லிமீட்டர், ஆற்றல் சுமார் 18 குதிரைத்திறன். நீண்ட வீச்சுள்ள இந்த எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் இழுக்கப் பிறந்தது. நூறு மைல் வேகம் அதனால் ஆகாது. அதை ஒப்புக்கொண்டு தொடங்குபவர் எஞ்சினைக் கெடுக்காமல் தப்புவார்.

இந்தியாவில் ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் சட்டத்தைப் பார்ப்பது நல்லது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. சான்றில் இருக்கை எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும்போது ஒற்றை இருக்கை அதனோடு முரண்படுகிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் காப்பு ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கட்டாயமாக்குகிறது. கஃபே ரேசர் முதலில் கழற்றி எறிவது இவற்றைத்தான். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது இவையெல்லாம் கேள்வியாகும். இதற்கு நடைமுறையில் உள்ள அறிவார்ந்த விடை, சேஸிஸை வெட்டாமல், போல்ட்டில் மாட்டிக் கழற்றும் வகையில் எல்லா மாற்றத்தையும் செய்வதும், அசல் பாகங்களைப் பத்திரமாக எடுத்துவைப்பதும்தான். அப்படிச் செய்வதால் மாற்றம் சட்டப்படியானதாகிவிடாது. வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்பும் வழி திறந்திருக்கும், அவ்வளவே. பந்தயத் தடத்துக்கு மட்டும் போகும் வண்டி என்றால் கணக்கே வேறு.

வண்டி வாங்கும்போது எஞ்சினைவிட ஆவணமும் சேஸிஸும் முக்கியம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சேஸிஸில் ஸ்டீயரிங் கழுத்துப் பகுதியைச் சுற்றிப் பெயின்ட் வெடித்திருந்தால் விபத்தில் அடிபட்டிருக்கக்கூடும். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பதை நூல் பிடித்துப் பார்க்கலாம். ஓடுகிற எஞ்சினோடு தொடங்குவது பாதி வேலையைக் குறைக்கும். ஓடாத எஞ்சின், பழுதான வயரிங், வெட்டிய சேஸிஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட வேலைகள்தான் பல வீடுகளில் சாக்குப்பையில் முடிகின்றன. சென்னையில் உதிரி தேடுபவர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் தெரிந்த இடங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, கழற்றிய நட்டு போல்ட்டுகளை இடம் எழுதிய டப்பாக்களில் போட்டுவைப்பது வழக்கம். பிறகு பெயின்டுக்கோ வெல்டிங்குக்கோ போகாமல், வண்டியைத் தற்காலிகமாகக் கூட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும். மரத்துண்டும் அட்டையும் கம்பியும் கொண்டு இருக்கை, கைப்பிடி, கால்மிதி மூன்றுக்கும் இடம் குறிப்பதுதான் முழு வேலையின் மையம். ஓட்டுபவர் முன்னே சாய்ந்திருக்கும்போது உடல் எடையை முதுகும் தொடையும் தாங்க வேண்டும், மணிக்கட்டு தாங்கக் கூடாது. கைப்பிடியை மட்டும் தாழ்த்திக் கால்மிதியை இருந்த இடத்திலேயே விட்டால், உடல் இடுப்பில் மடிந்து, முழங்கால் முன்னே நின்று, எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கும். நகர நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டினாலே தெரிந்துவிடும். கைப்பிடியும் கால்மிதியும் சேர்ந்தே நகர வேண்டும் என்பது இதிலிருந்து வரும் விதி.

கிளிப்-ஆன் என்பது முன் ஃபோர்க் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே கவ்வும் இரண்டு கைப்பிடிகள். குழாயின் வெளிவிட்டம் அளந்துதான் வாங்க வேண்டும். தகட்டைச் சுற்றி இட்டு நிரப்பி இறுக்குவது தற்கொலைக்குச் சமம். கைப்பிடி குறுகும்போது திருப்புவதற்கான நெம்புவலுவும் குறையும். முழுக்கத் திருப்பினால் விரல் டேங்கில் இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் ஸ்டீயரிங் நிறுத்தத்தைக் கூட்ட வேண்டும். கேபிள்கள் இப்போது நீளமாகிவிடும். அவற்றைச் சுருட்டி ஒதுக்குவதைவிடச் சரியான நீளத்தில் புதிதாகப் போடுவதே முறை. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, கைப்பிடியை இருபுறமும் கடைசி வரை திருப்பும்போது எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். முதல் வளைவில் வண்டி தானாக வேகமெடுப்பது இதனால்தான். இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்கு, அசல் கிளாம்பிலேயே மாட்டக்கூடிய, கீழ்நோக்கி வளைந்த ஒற்றைக் கைப்பிடி போதும். முதுகும் நன்றி சொல்லும்.

கால்மிதியைப் பின்னே கொண்டுபோவது கைப்பிடியைவிடக் கடினம். பழைய புல்லட்டில் கியர் லீவர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். கியரை இணைப்புத் தண்டு ஒன்றால் பின்னாலிருந்து இயக்க வேண்டும். தண்டு இணையும் கை மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைப் பொறுத்து கியர் விழும் முறையே தலைகீழாகும். கிக்கர் உதை கால்மிதியில் முட்டாதிருக்க மிதி மடங்கும் வகையாக இருக்க வேண்டும். பிரேக் மிதியில் கவனம் இரு மடங்கு தேவை. மிதியின் அச்சிலிருந்து கால் படும் இடத்துக்கும் தண்டு இணையும் இடத்துக்கும் உள்ள தூர விகிதம் அசலைப் போலவே இல்லாவிட்டால், பிரேக் மரத்துப்போகும் அல்லது தொட்டவுடன் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பின் சேஸிஸை வெட்டி, வளைந்த குழாய் ஒன்றைப் பற்றவைப்பதுதான் பலருக்கும் கஃபே ரேசரின் முதல் படி. பந்தயத் தடத்துக்கோ காட்சிக்கோ மட்டுமான வண்டியில் அதைச் செய்வதென்றால் சில வரம்புகள் உண்டு. ஷாக் அப்சார்பர் மேல்முனை பொருந்தும் இடத்துக்கு முன்னால் எதையும் வெட்டக் கூடாது. சுமை அங்கேதான் இறங்குகிறது. புதுக் குழாய் பழையதன் அதே விட்டமும் சுவர்க்கனமும் கொண்டிருக்க, இணைப்பின் உள்ளே இறுக்கமான உட்குழாய் ஒன்றைச் செருகி, டிக் வெல்டிங்கில் பற்றவைப்பது நம்பகமானது. பற்றவைக்கும் முன் பேட்டரி, ரெக்டிஃபயர், மின்னணு இக்னிஷன் எல்லாம் கழற்றப்பட வேண்டும். வளைந்த குழாயின் நீளத்தைக் கண்ணளவில் முடிவு செய்வது வழக்கமான தவறு. ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அது உண்மையில் ஏறக்கூடிய உச்சம் வரை தூக்கிப் பார்த்தால்தான் டயர் எங்கே முட்டும் என்பது தெரியும்.

இருக்கையை ஃபைபர் கிளாஸில் வீட்டிலேயே வார்க்கலாம். தெர்மோகோலிலோ களிமண்ணிலோ வடிவம் செதுக்கி, அலுமினியத் தாள் ஒட்டி, மெழுகு பூசி, பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்த கண்ணாடி இழைப்பாயை இரண்டு மூன்று அடுக்கு இடுவார்கள். தெர்மோகோல் ரெசின் பட்டால் கரையும் என்பதால் தாளில் இடைவெளி இருக்கக் கூடாது. ரெசினோடு கடைக்காரர் தரும் இரண்டு திரவங்களில் ஒன்று கோபால்ட் முடுக்கி, மற்றது பெராக்சைடு கடினமாக்கி. அவை நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முடுக்கியை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். ஃபைபருக்குப் பழகாதவர்கள் டிங்கரிடம் தகட்டில் அடித்துவாங்குவதும் உண்டு. கனம் கூடினாலும் உறுதி அதிகம். தோற்றம் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. டேங்கின் அடிவிளிம்பும் இருக்கையின் அடிவிளிம்பும் தரைக்கு இணையான ஒரே கோடாக ஓடினால் வண்டி சரியாகத் தெரியும். ஓடாவிட்டால் எந்தப் பெயின்டும் அதைக் காப்பாற்றாது. டேங்கின் பின் பிடிப்பைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியே இந்தக் கோட்டைப் பெற முடியும்.

பழைய டேங்கின் உள்ளே துரு இருக்கும். பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் அதை நீக்கி, நன்கு கழுவி உலர்த்த வேண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் சில உட்பூச்சுகளையும் அரிக்கும் என்பதால், குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது அவசியம். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்ததைவிட ஆபத்தானது; உள்ளிருக்கும் ஆவி வெல்டிங் பொறிக்குக் காத்திருக்கும். டேங்கை வெல்டிங் செய்யும் வேலை வீட்டுக்கானதல்ல.

முன் ஃபோர்க்கை கிளாம்பில் சற்று மேலே தள்ளினாலோ பின்னால் நீளமான ஷாக் போட்டாலோ வண்டியின் முன்பக்கம் தாழும். ஸ்டீயரிங் சாய்வும் டிரெயிலும் குறைந்து வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். பத்து மில்லிமீட்டரில் தொடங்கி ஓட்டிப் பார்த்தே கூட்ட வேண்டும்; மிகுந்தால் வேகத்தில் கைப்பிடி உதறத் தொடங்கும். பின் டயரை அகலமாக்கும் மோகம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒடுங்கிய ரிம்மில் அகல டயர் ஏறினால் அதன் வடிவம் பிதுங்கி, வளைவில் வண்டி சாய மறுக்கும். பழங்காலத் தோற்றத்துக்காக விற்கப்படும் கட்டம்போட்ட டயர்கள் ஈரச்சாலையில் நம்பத் தகுந்தவையல்ல. கடன் வாங்கியாவது நல்ல டயர் போடுவது திமில் இருக்கையைவிட முக்கியம்.

பிரேக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. டிரம் பிரேக்கை வைத்துக்கொள்வதென்றால் டிரம்மை லேத்தில் கடைந்து சமன் செய்து, புது ஷூ, புது கேபிள் போட வேண்டும். டிஸ்க் வேண்டுமானால், தனித்தனிப் பாகங்களைத் தேடிச் சேர்ப்பதைவிட, டிஸ்க்கோடு வந்த பிற்காலப் புல்லட்டின் முன்பகுதியை முழுமையாக மாற்றுவது எளிது. டிரம்மில் படிந்த தூசியை ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டரும், சைலன்சரைத் தூக்கிவிட்டுக் குட்டை மெகாபோனும் மாட்டுவது இன்னொரு வழக்கம். இரண்டுமே எஞ்சினுக்குள் காற்றைக் கூட்டுகின்றன. கார்புரேட்டரில் மெயின் ஜெட்டை அதற்கேற்பப் பெரிதாக்காவிட்டால் கலவை மெலிந்து, எஞ்சின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சரியான ஜெட்டைக் கண்டறியும் பழைய வழி இன்றும் செல்லும். முழு ஆக்ஸிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் செறிவு, இளம் பழுப்பாக இருந்தால் சரி. சத்தம் கூடினால் ஆற்றல் கூடிவிட்டது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுழலும். நெடுஞ்சாலையில் புல்லட்டுக்கு உண்மையில் பயன் தரும் மாற்றம் அதுவே. சைலன்சர் குழாயில் துணி நாடா சுற்றும் பாணி, கடலோர ஊர்களில், ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் குழாயைத் துருவுக்குக் கொடுத்துவிடுகிறது.

வீட்டு வேலைகள் பலவும் நின்றுபோகும் இடம் வயரிங். இருக்கை சிறுத்ததும் பேட்டரிக்கு இடமில்லாமல் போகிறது. இருக்கைக்கு அடியிலோ ஸ்விங் ஆர்முக்கு மேலோ ஒரு தட்டு செய்து சிறு பேட்டரியை ஒளித்துவைப்பார்கள். பழைய வயரிங்கை ஒட்டுப்போடுவதைவிட முழுவதையும் புதிதாக இழுப்பதே குறைந்த தலைவலி. 60 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி ரிலேயும் ஃபியூஸும் வேண்டும். பழைய டைனமோ அவ்வளவு மின்சாரம் தருமா என்பதையும் முதலில் கணக்கிட வேண்டும். பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ ஆன பிறகு வண்டியில் எதுவுமே எரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எர்த். எர்த் வயர் படும் இடத்தில் பூச்சைச் சுரண்டி வெற்று உலோகத்தில் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்து, பெயின்ட் அடிக்காத நிலையிலேயே வண்டியை ஓட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளின் முறை. துளை போட வேண்டியது, பிடி மாற்ற வேண்டியது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். அதன் பிறகு முழுக்கக் கழற்றி, பெயின்ட் அடித்து, இறுதியாகக் கூட்டலாம். பவுடர் கோட்டிங் செய்யும்போது பேரிங் அமரும் இடங்களையும் மரைகளையும் மூடிவைக்கச் சொல்ல வேண்டும். கூட்டிய வண்டியை முதலில் நெரிசலில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைப் பலமுறை சோதித்து, சூடு ஆறியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குவார்கள். ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டின் அதிர்வில் நட்டுகள் தளர்வது சாதாரணம். முதல் நூறு கிலோமீட்டரில் கிளிப்-ஆன், கால்மிதி, எஞ்சின் தாங்கு போல்ட்டுகளை இன்னொரு முறை பார்த்து, செயின் தளர்வைச் சரிசெய்து, ஸ்போக்குகளைத் தட்டிச் சத்தம் கேட்டு இறுக்கிய பிறகே வண்டி நீண்ட பயணத்துக்குத் தயாராகிறது.